மூன்றாண்டு வாழ்ந்த ஓர் இசைக்குழு

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ஈக்காட்டுத்தாங்கலில் ஆற்றிய உரை)



இலக்கிய வட்டத்தின் விழாவில் ஓர் இசைக்குழுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் ராக் இசையில் பெயர் பெற்ற ஆங்கிலேயர் ஒருவர் அமைத்த குழு. அழைப்பிதழில் தலைப்பைக் கண்ட நண்பர்கள் சிலர், 'சிலம்பையும் குறுந்தொகையையும் விட்டு இவர் எங்கே போகிறார்?' என்று கேட்டதாக அறிந்தேன். எங்கும் போகவில்லை, சிலம்பின் வழியாகத்தான் அங்குச் செல்லவிருக்கிறேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கூட்டத்திற்கு வருவோர் குறைகின்றனர், இளைஞர்கள் வருவதில்லை, ஆகவே ஒரு மணி நேர உரையை இருபது நிமிடமாக்குவோம், பழைய நூல்களைக் குறைத்து நகைச்சுவையைக் கூட்டுவோம் என்றனர் ஒரு சாரார். ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்றனர் மறு சாரார். இரு சாராரும் இவ்வட்டத்தின் மீது அன்புடையவர்களே. அன்று நான் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பியபின் என் நினைவிற்கு வந்தது 'சக்தி' என்னும் இசைக்குழு. 1975இல் தோன்றி 1978இல் கலைந்த அக்குழுவின் வரலாற்றில் நம் கேள்விக்கு ஒரு விடை உண்டென்று எண்ணுகிறேன்.

பிரிட்டனின் ராக் குழுக்கள் கடல் கடந்து சென்று வாசிப்பது 1960களில் பெருவழக்காயிற்று. 1964இல் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்காவில் இறங்கியபின், அவர்தம் சுவடு பற்றிப் பலர் புறப்பட்டனர். இந்திய இசையின் மீது மேலைநாட்டு இளைஞர்க்கு ஆர்வம் பிறந்ததும் அக்காலத்தில்தான். 1965இல் பீட்டில்ஸ் பாடல் ஒன்றில் ஜார்ஜ் ஹாரிசனின் சிதார் ஒலித்தது. அவர் பின்னர் ரவிசங்கரிடம் முறையாகப் பயின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரைப் பின்பற்றிய பலரோ, பாயசத்தில் ஏலக்காய் தூவுவதுபோல் பாட்டின் தொடக்கத்தில் சிதாரொலியைச் சிறிது தூவியதோடு நின்றுவிட்டனர்.

இந்தச் சூழலில்தான் ஜான் மெக்லாஃப்லின் வருகிறார். 1942இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், டான்காஸ்டர் என்னும் ஊரில் பிறந்தவர். இலண்டனில் கிதார் வாசித்துப் பிழைத்தவர். 1969இல் அமெரிக்கா சென்று, ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற குழுவைத் தொடங்கினார். பெயரில் விஷ்ணு இருந்தாலும் அது பாற்கடலின் அமைதி கொண்ட குழுவன்று. மின்கிதாரும் பெருமுரசுகளும் ஒலிபெருக்கிகளின் உச்சியில் முழங்கிய குழு. 1973இல் வெளிவந்த அதன் இரண்டாம் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடம்வரை ஏறியது. பாட்டே இல்லாத, வாத்தியம் மட்டுமே ஒலிக்கும் இசைத்தட்டுக்கு அது எளிதில் வாய்க்கும் இடமன்று. பணமும் புகழும் வந்துவிட்டன. இன்னும் பத்தாண்டு அதே வழியில் செல்ல அவருக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது.

அந்தப் புகழின் நடுவே அவர் செய்த ஒரு செயல்தான் நம் கவனத்திற்குரியது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் உள்ளது. 1960களின் தொடக்கத்திலிருந்தே தமிழகத்து இசைவாணர்கள் அங்குச் சென்று கற்பித்து வந்தனர். தஞ்சாவூர் பாலசரசுவதியும், அவருடைய உடன்பிறந்தோரான மிருதங்கம் ரங்கநாதன், புல்லாங்குழல் விசுவநாதன் ஆகியோரும் அவர்களுள் முதன்மையானோர். அவ்வரிசையில் அங்குச் சென்றவர் டாக்டர் எஸ். இராமநாதன். சிலப்பதிகாரத்தில் இசை என்பதே அவர் அப்பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்காக மேற்கொண்ட ஆய்வு. 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக அது நூல் வடிவம் பெற்றது. அரங்கேற்று காதையையும் ஆய்ச்சியர் குரவையையும் வெறும் சொல்லாகப் படித்துக்கொண்டிருந்த நமக்கு, அவற்றுள் உறங்கிய பண்ணைப் பாடிக் காட்டிய பெரியவர்களுள் அவரும் ஒருவர். அந்த இராமநாதனிடம்தான் மெக்லாஃப்லின் வீணை கற்றார். உலகமறிந்த கிதார்க் கலைஞர் ஒருவர், சிலம்பை ஆராய்ந்த தமிழாசானின் முன் மாணாக்கனாக அமர்ந்து, சுரத்தையும் கமகத்தையும் அடியிலிருந்து பயின்றார். இலக்கிய வட்டத்தில் இதைப் பேசுவதற்கு இந்த ஒரு செய்தி போதும்.

அந்த வெஸ்லியனிலேயே இருந்த மற்றோர் இளைஞர் வயலின் கலைஞர் எல். சங்கர். அவருடைய தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராகப் பணியாற்றியவர். 1958இன் இனக்கலவரத்திற்குப் பின் அக்குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்கு வந்தது. எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என மூன்று உடன்பிறப்புகளும் வயலினில் பெயர் பெற்றனர். இளையவரான சங்கர் 1969இல் அமெரிக்கா சென்று, வெஸ்லியனில் இசையியலில் முனைவர் பட்டம் பெற்றார். மெக்லாஃப்லினும் சங்கரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினர். கலிஃபோர்னியாவில் அலி அக்பர் கானின் இசைக் கல்லூரியில் தபலா கற்பித்து வந்த ஜாகிர் உசேன் சேர்ந்தார். மிருதங்க வித்துவான் ராம்நாட் ராகவன் சேர்ந்தார். கடத்திற்கு நம் விக்கு விநாயகராம் வந்தார். குழுவிற்குச் 'சக்தி' என்று பெயரிட்டனர்.

விநாயகராமைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் இவரே. ஆயினும் நம் கச்சேரி மேடையில் கடத்தின் இடம் யாது? கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் உபபக்கவாத்தியங்கள். பக்கவாத்தியத்திற்கும் பக்கத்தில் இருப்பவை. மேடையில் இடமும் நேரமும் மிஞ்சினால் அவற்றிற்கு வாய்ப்பு. தனியாவர்த்தனத்தில் மிருதங்கத்தின் பின்னே ஒரு பங்கு. அந்த வாத்தியமோ மண். வீணையின் முறுக்காணியைத் திருகுவதுபோல் அதைத் திருகிச் சுருதி சேர்க்க இயலாது. சூளையில் வெந்தபோது எந்தச் சுருதி வாய்த்ததோ அதுவே ஏறக்குறைய அதன் ஆயுட்காலச் சுருதி. ஆகையால் கட வித்துவான் பாடகருக்கு ஏற்பப் பல பானைகளை வைத்திருக்க வேண்டும். மானாமதுரையின் குயவர்கள் தட்டித் தட்டிக் கனமாக வனையும் அந்தப் பானை, கீழே விழுந்தால் ஓடாகிவிடும். அதைச் சுமந்துகொண்டுதான் ஒருவர் கண்டம்விட்டுக் கண்டம் சென்றார்.

இப்போது அந்த மேடையைச் சற்று மனக்கண்ணில் காணுங்கள். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் முழக்கத்தை எதிர்பார்த்து அமெரிக்க இளைஞர்கள் அரங்கிற்கு வருகின்றனர். மேடையிலோ ஒரு விரிப்பு. அதன்மேல் சம்மணமிட்டு அமர்ந்த சிலர். மின்கிதார் இல்லை, மரத்தாலான கிதார். ஒரு வயலின், ஒரு தபலா, ஒரு மிருதங்கம், ஒரு மண்பானை. 1975 ஜூலை 5ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த அத்தகைய நிகழ்ச்சி ஒன்றின் ஒலிப்பதிவே, அடுத்த ஆண்டு அக்குழுவின் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது.

அத்தட்டில் உள்ளவை மூன்றே உருப்படிகள். ஒன்று ஏறக்குறைய 18 நிமிடம். மற்றொன்று 5 நிமிடத்திற்கும் குறைவு. மூன்றாவது ஏறத்தாழ 29 நிமிடம். வானொலியில் மூன்று நிமிடப் பாட்டு கேட்டுப் பழகிய நாட்டில், தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உருப்படிக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்பவர் பொறுமையாக அமர்வாரா என்ற ஐயம் அவர்களுக்கும் எழுந்திருக்கும். எழுந்தபோதும் நீளத்தைக் குறைக்கவில்லை.

கிதார் எவ்வாறு இச்சபையில் கலந்தது? மெக்லாஃப்லின் தம் வாத்தியத்தையே மாற்றிக்கொண்டார். கிதாரின் கழுத்தில் உள்ள பலகை தட்டையானது. அதன்மேல் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம். வீணையில் மெட்டுகளுக்கு இடையே பள்ளம் இருப்பதால்தான் விரல் அங்கே தந்தியை வளைக்கிறது. எனவே மெட்டுகளின் இடைவெளியைக் குடைந்தெடுத்த கிதார் ஒன்றைக் கிப்ஸன் நிறுவனக் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்தார். அதன் ஆறு தந்திகளுக்கும் கீழே, குறுக்காக ஏழு அனுதந்திகளும் ஓடின. பிறர் இசையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தம் பாட்டில் தூவுவது ஒன்று. பிறர் இசைக்குத் தம் கருவியின் கழுத்தைக் குடைந்துகொள்வது வேறொன்று.

நம்மவரும் ஒரு படி இறங்கி வந்தார்கள் என்பதை மறைக்கலாகாது. தபலா வடபுலத்தின் வாத்தியம். கடம் தென்புலத்தின் வாத்தியம். இந்தியாவிற்குள்ளேயே இவ்விரண்டும் ஒரே விரிப்பில் நிகராக அமர்வது அன்று அரிது. வயலினும் கிதாரும் ஒரே மெட்டை விரைந்து ஒன்றாக வாசித்துச் செல்வதும், ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கி மறுமொழி சொல்வதும் அக்குழுவின் தனிச்சிறப்புகள். பாட்டு இல்லை, சாகித்தியம் இல்லை, கச்சேரி மரபின் உருப்படி வரிசையும் இல்லை. ஆனால் சுருதி இருந்தது, தாளம் இருந்தது, ராக பாவம் இருந்தது, கோர்வை இம்மி பிசகாமல் சமத்தில் வந்து விழுந்தது. வடிவத்தில் தாராளமாக விட்டுக்கொடுத்தவர்கள் இவற்றுள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மண்பானை வாசித்தவர் அங்கே உபபக்கவாத்தியக்காரர் அல்லர். ராகவன் முதல் தட்டிற்குப் பின் விலகிக்கொள்ள, எஞ்சிய நால்வருள் ஒருவர்.

அந்நால்வரும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகச் சென்று வாசித்தனர். 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஜாஸ் விழாவிலும் வாசித்தனர். இரண்டாம் இசைத்தட்டு இலண்டனிலும், மூன்றாவது ஜெனீவாவிலும் பதிவாயின. இரண்டாம் தட்டில் 'கிருதி' என்றே ஓர் உருப்படிக்குப் பெயர். மூன்றாம் தட்டில் ஒன்றின் தலைப்பில் 'சுருதி' என்ற சொல் ஆங்கிலச் சொற்களோடு தோள்சேர்ந்து நிற்கிறது.

ஆனால் இம்மூன்று தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு ஒரு மாற்றம் புலப்படும். முதல் தட்டில் மூன்று உருப்படிகள், இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் எட்டு. உருப்படிகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றின் நீளமும் குறைந்தது. சிறியதில் அழகில்லை என்று நான் கூறவில்லை. மூன்றாம் தட்டிலும் நெஞ்சையள்ளும் இடங்கள் உள. எனினும் 29 நிமிடம் விரிந்த அந்தச் சோலை, தொட்டிச் செடிகளாகச் சுருங்கிக்கொண்டிருந்தது என்பதே என் செவியின் தீர்ப்பு. மின்கிதார் வாசிக்கும் மெக்லாஃப்லினுக்கே சந்தை பெரிது என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். 1978இல் குழு கலைந்தது. அதே ஆண்டு அவர் தனியே வெளியிட்ட தட்டின் பெயர் 'மின்கிதார் கலைஞர்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். தட்டின் உறையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

வாழ்ந்தது மூன்றாண்டு, வெளியிட்டது மூன்று இசைத்தட்டு. கணக்குப் பார்ப்பவர் இதைத் தோல்வி என்றே எழுதுவார். ஆனால் கணக்கு 1978இல் முடியவில்லை.

விநாயகராம் சென்னை திரும்பினார். தம் தந்தையார் ஹரிஹர சர்மா 1958இல் நிறுவிய ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயாவில் மாணவர்க்குக் கற்பித்தார். மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்க ராக் முரசுக் கலைஞர் உலகின் தாளக் கலைஞர்களைக் கூட்டி 1991இல் வெளியிட்ட தொகுப்பில் ஜாகிர் உசேனும் விநாயகராமும் வாசித்தனர். உலக இசைக்கென ஏற்படுத்தப்பட்ட கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டது அத்தொகுப்பிற்குத்தான். 1997இல், கலைந்து ஏறத்தாழ இருபதாண்டு கழித்து, மெக்லாஃப்லினும் ஜாகிரும் விநாயகராமும் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவோடு மீண்டும் கூடினர். 'சக்தியை நினைவுகொள்' என்று பொருள்படும் பெயரில் குழு தொடர்ந்தது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார், விநாயகராமின் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு தந்தையின் இடத்தில் அமர்ந்தார். பாடகர் சங்கர் மகாதேவன் வந்தார். 2014 செப்டம்பர் 19ஆம் நாள், 45ஆம் வயதில், ஸ்ரீநிவாஸ் சென்னையில் மறைந்தது நம் அனைவரின் இழப்பு. பின்னர் வயலினுக்குக் கணேஷ் ராஜகோபாலன் வர, 2023இல் வெளியிட்ட தொகுப்பிற்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் காலமானார். விரிப்பில் முதன்முதல் அமர்ந்த நாளிலிருந்து விருது வந்த நாள்வரை எண்ணினால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு.

இன்னொரு செய்தி. மெக்லாஃப்லின் பிற்காலத்தில் செல்வகணேஷோடு சேர்ந்து, மேலைநாட்டு மாணவர்க்குக் கொன்னக்கோல் கற்பிக்கும் ஒளிப்படப் பாடம் ஒன்றை வெளியிட்டார். டான்காஸ்டரில் பிறந்தவரின் நாவில் தகதிமியும் தகஜுணுவும் பிசகின்றி வருகின்றன. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசானுக்கும் இசையாசிரியனுக்கும் புலவனுக்கும் அடுத்துத் தண்ணுமை ஆசிரியனுக்கு இலக்கணம் சொல்லி, அதன் பின்னரே குழலோனையும் யாழாசிரியனையும் வைக்கிறார். தாளக்காரனை யாழாசிரியனுக்கு முன்னே வைத்த காப்பியம் நம்முடையது. கடம் வாசிப்பவரை மேடையின் ஓரத்தில் அமர்த்தி, அயலார் நடுவே அமர்த்திக் கொண்டாடியபின் கைதட்டியவர்களும் நாமே. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நானும் அந்தக் கைதட்டலில் ஒருவன் என்பதால் வெட்கத்தோடு சொல்கிறேன். வெளியூர்ச் சான்றிதழ் வரும்வரை நம் வீட்டுப் பொருளின் விலை நமக்குத் தெரிவதில்லை.

இனி நம் கேள்விக்கு வருகிறேன். கூட்டத்தைப் பெருக்க உரையைச் சுருக்கலாமா? ஓர் எழுத்தும் மாற்றாமல் இருக்கலாமா?

ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது என்போருக்கு நான் சக்தியின் விரிப்பைக் காட்டுவேன். கடம் தபலாவோடு அமர்ந்ததால் கெட்டுப்போகவில்லை. நாமும் இடத்தை மாற்றலாம்; நேரத்தை மாற்றலாம். இந்த ஈக்காட்டுத்தாங்கலைப் பாருங்கள். தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிற்கும் ஏரி. இன்று ஊரின் பெயரில் மட்டுமே நீர் நிற்கிறது. கிண்டித் தொழிற்பேட்டையின் பட்டறைகள் வந்தன. கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் வந்தன. 2015இல் மெட்ரோ இரயிலும் வந்தது. அந்த மாளிகைகளில் பணிபுரியும் இளைஞர்கள் ஞாயிறு மாலை இங்கே இருப்பதில்லை. வார நாளில் பணி முடிந்து இரயிலேறும் முன் ஒரு மணி நேரம் அவர்களால் தர இயலும். நம் நேரத்தை அவர்களுக்காகக் குடைந்துகொள்வோம், அந்தக் கிதாரின் கழுத்தைப்போல.

உரையைச் சுருக்குவோம் என்போருக்கு மூன்று, ஆறு, எட்டு என்னும் அந்தக் கணக்கைக் காட்டுவேன். அயல்நாட்டு இளைஞர்கள் பொருள் தெரியாத ஓர் இசைக்கு 29 நிமிடம் செவிகொடுத்தார்கள். நம் பிள்ளைகள் தம் தாய்மொழிக் காப்பியத்திற்கு ஒரு மணி நேரம் தர மாட்டார்கள் என்று நாமே ஏன் முடிவு கட்ட வேண்டும்? ஐம்பதாண்டு கழித்தும் அக்குழுவைத் தேடி வருவோர் முதலில் எடுப்பது நீண்ட உருப்படிகள் கொண்ட அந்த முதல் தட்டைத்தான். என் அனுபவத்தில் நான் கண்டதும் அதுவே.

ஆகவே பதினொன்றாம் ஆண்டிற்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஓர் ஆண்டிற்கு ஒரே நூல் எடுப்போம். அது சிலப்பதிகாரமாகவே இருக்கட்டும். மாதம் ஒரு பகுதியாகப் படிப்போம். சொல்பவர் நன்கு ஆயத்தம் செய்துகொண்டு வரட்டும். ஒரு மணி நேரம் குறையாமல் சொல்லட்டும். அரங்கேற்று காதைக்கு வரும்போது, ஓரமாக அமர்ந்து பழகிய ஒரு கடக் கலைஞரை அழைத்து, மேடையின் நடுவில் அமர்த்துவோம். வருகிறவர்கள் பதினைந்து பேராயினும், ஐம்பது பேராயினும், அந்த ஒரு மணி நேரத்தின் அளவு குறைய வேண்டாம்.

பத்தாண்டு என்பது சக்தி வாழ்ந்த காலத்தைப்போல் மூன்று மடங்கிற்கும் மேல். அவ்வளவு காலம் நமக்குக் கிடைத்துவிட்டது. அதில் நாம் என்ன செய்தோம் என்பதை இந்த மலரின் பிற பக்கங்கள் சொல்லும். இனி என்ன செய்வோம் என்பதை அடுத்த பொதுக்குழு சொல்லட்டும்.